ராக்கோழியின் காவல்

செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். என் அண்ணன் சீனிவாசன் உயிரோடு இருந்தபோது என்னைத் திட்டிய திட்டில் நான் காற்பங்கு கூடத் திருப்பித் தரவில்லை. மிச்சத்தை இப்போதுதான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அவன் திட்டுக்கெல்லாம் ஒரே காரணம். நான் ராத்திரியில் தூங்குவதில்லை. ஆம்பூர்ப் பக்கம் ஷூவுக்கு சோல் அடிக்கிற கம்பெனியில் எனக்கு வருஷக்கணக்காக செகண்ட் ஷிஃப்ட். மத்தியானம் போனால், ஊர் அடங்கிய பிறகுதான் மெஷினை விட்டு இறங்குவேன். கம்பெனி வேன் ஒவ்வொரு ஊராக ஆளை உதிர்த்துக்கொண்டே வந்து, ஒடுகத்தூர் தாண்டி எங்கள் ஊர் முனையில் என்னை இறக்கிவிடும்போது நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்காது. அண்ணி மூடி வைத்திருக்கும் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது. காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மோல்டு மூடும், திறக்கும், மூடும், திறக்கும். அதை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி காமிக்ஸ்.

பள்ளிக்கூட நாளில் பிடித்த பழக்கம். குதிரைக்காரன் கதை, துப்பறிகிற கதை, பாலைவனம், பனிமலை, கப்பல் கொள்ளை எல்லாம் அட்டைப்பெட்டிகளில் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு புத்தகத்தை எடுத்தால் கோழி கூவுகிற நேரத்துக்குத்தான் மூடுவேன். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள்கூட, மாப்பிள்ளை வீட்டில் விடிய விடிய விளக்கு எரிகிறதாமே, சாராயமா சீட்டாட்டமா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். காமிக்ஸ் என்று தெரிந்ததும் சாராயமாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று போய்விட்டார்கள்.

அண்ணன் எனக்கு நேர் எதிர். இருட்டினால் சாப்பாடு, சாப்பிட்டால் குறட்டை. நான் புத்தகத்தை மூடுகிற நேரம் அவன் எழுந்து மாட்டைப் பிடிக்கப் போவான். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக விழித்திருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் அவன் என் அறைக்குள் கையை நீட்டி விளக்கை அணைப்பான்.

"கோட்டான்கூட ராத்திரியில எலி புடிக்குது. நீ இன்னாத்த புடிக்கற?" என்பான்.

நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். எங்கள் பேச்சுவார்த்தை அன்றைக்கு அதோடு சரி.

எங்கள் கொல்லை, நிலத்தை அப்படித்தான் சொல்வோம், மலையடியில் இருக்கிறது. வேர்க்கடலை. காய் முற்றுகிற சமயத்தில் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு கும்பல் இறங்கினால் போதும், காலையில் டிராக்டர் விட்டு உழுத மாதிரி நிலம் கிடக்கும். அதனால் அந்தச் சமயத்தில் மலையடி ஊர்களில் வீட்டுக்கு ஓர் ஆள் ராக்காவலுக்குப் போவான். இந்த வருஷம் பன்றி ஜாஸ்தி. பக்கத்துக் கொல்லையில் ஒரு ராத்திரியில் பாதியைப் புரட்டிவிட்டுப் போயிருந்தது.

நான் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி பேர் விஜயகுமாரி. எனக்கும் அண்ணனுக்கும் நடுவே தபால்காரி வேலையும் அவளுடையதுதான். "நான் எப்பிடியும் முழிச்சிட்டுதான் இருக்கேன் அண்ணி. வேன்ல எறங்கி நேரா கொல்லைக்குப் போறேன். அவர வீட்லயே தூங்கச் சொல்லுங்க."

அண்ணன் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணி சொன்னதைக் கேட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவனா? புக்குல மூஞ்சியப் பொதைச்சிக்கினு ஒக்காந்திருப்பான். பன்னி மல்லாட்டயத் தின்னுட்டு, ஏப்பம் உட்டுட்டு, இவன் புக்கையும் தின்னுட்டுப் போவும். இவனுக்குத் தெரியாது."

அண்ணி சிரித்துவிட்டாள். எனக்கே சிரிப்பு வந்தது, அதுதான் ஆத்திரம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் கூப்பிடவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை.

இருட்டினால் கண் திறந்திருக்க முடியாத மனுஷன், ஒரு டார்ச்சும் தட்டுவதற்கு ஒரு தகர டின்னும் எடுத்துக்கொண்டு ராக்காவலுக்குப் போனான். மற்றவர்கள் பரண் கட்டியிருந்தார்கள். இவனுக்கு அதற்கும் பொறுமை இல்லை. வரப்பில் சாக்கை விரித்து உட்காருவான். உட்கார்ந்தவன் சாய்வான். சாய்ந்தவன் தூங்குவான். பன்றி வந்து போன தடத்தைக் காலையில் பார்த்துவிட்டு வந்து எங்கள் எல்லோர் மேலும் எரிந்து விழுவான். இப்படிக் கொஞ்ச நாள் நடந்தது.

அன்றைக்கு விடியலுக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டான். என் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பாகமாக வந்த ஒரு கதையில் முதல் பாகத்தை அப்போதுதான் முடித்திருந்தேன். கூடத்தில் அவன் அண்ணியை எழுப்புகிற சத்தம் கேட்டது. வயிறு வலிக்கிறதாம். அண்ணி ஓம வாட்டர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கண் சொருகியது.

"ராத்திரியெல்லாம் பனியில கெடந்தா கண்ணு சொருவாம இன்னா பண்ணும்? போய்ப் படு," என்றாள் அண்ணி.

அவள் மேல் தப்பில்லை. காவல் காலத்தில் எங்கள் ஊரில் எல்லா ஆம்பிளைகளுக்கும் கண் அப்படித்தான் இருக்கும். டீக்கடை பெஞ்சில் பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். கண் சொருகுகிறது என்று யாரும் யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதில்லை. அண்ணனும் அதையேதான் சொன்னான். "தூங்கினா செரியாப் பூடும்."

எனக்குப் படிப்பு பெரிதாகக் கிடையாது. ஆனால் தூக்கம் தெரியும். அதோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறவன் நான். வேனில் தினமும் பத்துப் பதினைந்து பேர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு வருகிறவன். தூக்கம் வந்தவனுக்கு முகம் மொத்தமும் தளரும். அண்ணனுக்குக் கண் மட்டும்தான் விழுந்தது. நெற்றி தளரவில்லை. புருவத்தை மேலே இழுத்து, நெற்றியெல்லாம் சுருக்கம் விழ, இமையை எப்படியாவது தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். இமை எழவில்லை.

தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

"அண்ணி, இது தூக்கமில்ல," என்றேன்.

அண்ணன் என் பக்கம் முகத்தைத் திருப்பினான். கண்ணைத் திறக்க முடியாததால் முகத்தை அண்ணாந்து, இமைக்குக் கீழே இருந்த சின்ன இடுக்கில் என்னைப் பார்த்தான். பேச்சு மூக்கால் வந்தது.

"போடா ராக்கோழி. தூக்கத்தப் பத்தி நீ சொல்றியா?"

அவன் வாயால் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பைக்கில் அவனை நடுவில் வைத்து, பின்னால் அண்ணி உட்கார்ந்து, அவள் புடவைத் தலைப்பால் அவனை என் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஒடுகத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். காலில், கையில், முதுகில் தேடினார். ஒன்றும் இல்லை. "தரையில படுத்தாரா?" என்று கேட்டார். படுத்தார் என்றதும் அவர் முகம் மாறியது. கட்டுவிரியன் கடித்தால் தடமே இருக்காதாம், தூங்குகிறவனுக்குக் கடித்ததே தெரியாதாம். விஷமுறிவு ஊசியை ஏற்றி, ஆம்புலன்ஸில் போட்டு வேலூருக்கு அனுப்பினார். வழியெல்லாம் அண்ணன் மூச்சு சின்னதாகிக்கொண்டே வந்தது. அண்ணி அவன் மார்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள், எடுக்கவே இல்லை.

வேலூரில் எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அங்கே இருந்தவர்கள் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். வாய்க்குள் குழாய் விட்டார்கள். மூச்சு விடுகிற மெஷின் எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. மழைக்காலம். வரப்பில் படுத்த அண்ணன்கள் எங்கள் வீட்டில் மட்டுமா இருப்பார்கள்? ஒரு மெஷின் காலியாகிற வரைக்கும் கையால்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும் என்றார்கள். குழாயின் முனையில் பலூன் மாதிரி ஒரு ரப்பர் பை. அமுக்கினால் மூச்சு உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். ஆஸ்பத்திரி ஆட்கள் மாறி மாறி அமுக்கினார்கள். அவர்களுக்கு வேறு படுக்கைகளும் இருந்தன. அதனால் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

பகலில் அண்ணியும் அவள் தம்பி கௌதமும் அமுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிடும். வேகமாக அமுக்கினாலும் தப்பு, மெதுவாக அமுக்கினாலும் தப்பு. சாயங்காலம் ஆகும்போது கௌதம் நின்றபடியே தலை ஆடினான். ராத்திரிக்கு யார் இருப்பீர்கள் என்று நர்ஸ் கேட்டபோது அண்ணி யோசிக்கவில்லை.

"ராத்திரிக்கு எங்க ஜெயசீலன் இருக்கான் சிஸ்டர். அவன் தூங்கமாட்டான்."

எங்கள் வீட்டில் இந்த வார்த்தையை யாரும் ஒரு நல்ல விஷயமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நர்ஸ் பேர் கரோலின். வயசில் சின்னவள், ஆனால் அதட்டல் பெரியது. "உங்க மூச்சப் பாருங்கண்ணா. நீங்க இழுக்கும்போது அமுக்குங்க, நீங்க உடும்போது உடுங்க. அவ்ளோதான்," என்றாள். என் கைக்கு அது பழகிய வேலை. மோல்டு மூடும், திறக்கும். கம்பெனியில் அப்படிச் செய்தால் சோல் வரும். இங்கே அண்ணன் மார்பு ஏறி இறங்கியது.

அவள் போகும்போது ஒன்று சொன்னாள். "அவரு தூங்கறாருன்னு நெனைக்காதீங்க. இந்தப் பாம்பு கடிச்சா அப்பிடித்தான். கண்ணு தெறக்க முடியாது, கை காலு அசைக்க முடியாது, ஆனா உள்ள நல்லா முழிச்சிட்டிருப்பாரு. நாம பேசறதெல்லாம் கேக்கும்." பிறகு அவன் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள். "அண்ணா, நான் பேசறது கேக்குதுன்னா கால் வெரல ஆட்டுங்க."

வலது கால் கட்டைவிரல் ஆடியது. ரொம்பக் கொஞ்சம். எறும்பு கடித்தால் ஆடுகிற அளவுக்கு. ஆனால் ஆடியது.

ஆக, அன்றைக்கு ராத்திரி முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக விழித்திருந்தோம். பிறந்ததிலிருந்து அது நடந்ததில்லை.

முதலில் பேசாமலேதான் அமுக்கினேன். இப்படிக் கிடக்கிறவனிடம் என்ன பேசுவது? கொல்லையைப் பற்றிப் பேச முடியாது. பாம்பைப் பற்றிப் பேச முடியாது. எங்களுக்குள் பேசிக்கொள்ள வேறு விஷயம் இருந்ததே இல்லை. ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. அந்த இருட்டில், அசைய முடியாமல், கண் திறக்க முடியாமல், அவன் என்ன நினைத்துக்கொண்டு கிடப்பான்? அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அண்ணா, நேத்து ஒரு கதை படிச்சேன். சொல்றேன் கேளு. வேற வழியும் இல்ல ஒனக்கு."

காமிக்ஸைச் சொல்லிக் காட்டுவது சுலபமில்லை. பேசுகிறது பாதிதான், மீதி படம். குதிரை எந்தப் பக்கம் பார்க்கிறது, வெயில் எப்படி அடிக்கிறது, தொப்பியின் நிழல் எங்கே விழுகிறது, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நான் சொன்னேன், கை அமுக்கிக்கொண்டே இருந்தது.

ஒரு ஷெரீஃப், ஒரு கைதி. கைதியைத் தூக்கில் போடுவதற்காகப் பாலைவனம் தாண்டி வேறு ஊருக்குக் கூட்டிப் போகிறான் ஷெரீஃப். இரண்டு பேர் கையையும் ஒரே சங்கிலியில் பூட்டியிருக்கிறது. குதிரை செத்துப் போகிறது. பகலில் வெயில், ராத்திரியில் ஓநாய். ஷெரீஃப் தூங்க முடியாது. தூங்கினால் கைதி துப்பாக்கியை எடுத்துவிடுவான். கைதி ஒவ்வொரு ராத்திரியும் சொல்கிறான், நீ தூங்கு, எனக்குத் தூக்கம் வராது, ஓநாய் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. ஷெரீஃப் சிரிக்கிறான். உன்னை நம்புவதற்கு ஓநாயை நம்பலாம் என்கிறான்.

அந்த இடத்தில் நானே நின்றேன். படிக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாயால் சொல்லும்போதுதான் உறைத்தது.

"போர் அடிக்குதா? நிறுத்தணும்னா வெரல ஆட்டு," என்றேன்.

கட்டைவிரலைப் பார்த்தேன். ஆடவில்லை. ரொம்ப நேரம் பார்த்தேன். ஆடவே இல்லை. மேலே சொன்னேன்.

முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ஷெரீஃப் கண் அவனை அறியாமல் மூடுகிறது. கை தளர்ந்து துப்பாக்கி மணலில் விழுகிறது. கைதி அதைப் பார்க்கிறான். கையை நீட்டி எடுக்கிறான். தூரத்தில் ஓநாய்க் கண்கள். அவ்வளவுதான், தொடரும்.

"இதோட முடிஞ்சிது. ரெண்டாவது பாகம் என்கிட்ட இல்ல. வேன்ல வருவானே ஜான் பாஷா, அவன்கிட்ட இருக்குது. அந்தக் கைதி இன்னா பண்ணான்னு ஒனக்குத் தெரியணுமா?"

விரல் ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் விளக்கை அணைத்தவன். இந்தப் புத்தகத்தையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போடு என்று அண்ணியிடம் சொன்னவன். இப்போது கதை கேட்கிறான். அமுக்கிக்கொண்டே குனிந்து அவன் காதில் கேட்டேன்.

"நான் காவலுக்குப் போறேன்னு சொன்னேன் இல்லண்ணா?"

அதற்கு விரலை ஆட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆடினாலும் என்னால் தாங்க முடியாது, ஆடாவிட்டாலும் தாங்க முடியாது. அவன் கண் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் போனது. கரோலின் வந்தபோது காட்டினேன். சரியாக மூடாத கண்ணில் தண்ணீர் வரும் என்று பஞ்சால் துடைத்துவிட்டு மருந்து போட்டாள். அவள் சொன்னது சரியாகவே இருக்கலாம்.

விடிந்த பிறகு ஒரு மெஷின் காலியானது. அது எப்படிக் காலியானது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வராந்தாவில் ஒரு குடும்பம் அழுதுகொண்டு போனது.

மெஷின் இருக்கிற அறைக்குள் ராத்திரியில் யாரையும் விடமாட்டார்கள். சாயங்காலம் ஒரு தடவை உள்ளே விடுவார்கள், முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். நான் ஜான் பாஷாவுக்குப் போன் செய்தேன். புத்தகத்தை அவன் பேரணாம்பட்டில் மச்சானிடம் கொடுத்திருந்தான். "வாங்கிக்கினு வர்றேன் தோஸ்த், ஒண்ணும் பேஜாராவாத," என்றான். கட்டைவிரல் மட்டும் ஆடிய கால், முழுசாக ஆட ஆரம்பித்தது. ஒருநாள் கைவிரல்கள் மடங்கின. டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார். அண்ணி அன்றைக்கு முதல்தடவையாகக் கேன்டீனில் இட்லி சாப்பிட்டாள். நான் உள்ளே போனபோது, "புக்கு வந்துனு இருக்குதுண்ணா" என்று சொன்னேன். அவன் இமை கொஞ்சம் தூக்கியிருந்தது. என்னைத்தான் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். விஷம் இறங்கிவிட்டது, ஆனால் இது வேறு என்றார்கள். மருந்தை மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள்.

ராத்திரி முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு, பகலில் ஆஸ்பத்திரி மரத்தடியில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவது என் வழக்கம். ஒரு மத்தியானம் யாரோ துண்டை எடுத்தார்கள். கண் கூசியது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

"போய்ட்டாரு," என்றாள்.

நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எத்தனையோ ராத்திரி விழித்திருந்த நான், அவன் போகும்போது தூங்கிக்கொண்டிருந்தேன். பகலிலேயே வாழ்ந்தவன், பகலில் போய்விட்டான்.

சாவுக்கு வந்தவர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். ராத்திரியெல்லாம் தம்பி உயிரைக் கையில் பிடித்து வைத்திருந்தான், பகலில் விட்டுவிட்டார்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார். என்னைப் புகழ்கிறாராம். பகலில் கூட இருந்தவள் அண்ணி, அவள் காதில் அது விழுந்தது. நான் அந்தப் பெரியவரை எல்லோருக்கும் முன்னால் கண்டபடி பேசிவிட்டேன். சாவு வீட்டில் அப்படிப் பேசியதற்கு இன்னும் என்னை யாரும் மன்னிக்கவில்லை. எனக்கு மன்னிப்பு வேண்டாம்.

ஜான் பாஷா வந்தான். செய்தித்தாளில் சுற்றிய புத்தகத்தை என் கையில் வைத்தான். "மச்சான் ஊர்ல இல்லடா. இல்லன்னா அன்னிக்கே கொண்டாந்திருப்பேன்," என்றான். வாங்கி அலமாரி மேல் போட்டேன். பிரிக்கவில்லை. அப்புறம் எந்த ராத்திரியும் நான் விளக்குப் போடவில்லை. இருட்டில் மல்லாந்து கிடப்பேன். தூக்கம் மட்டும் வரவில்லை. விளக்கை அணைக்க ஆள் வராத அறையில் எதற்குப் போட வேண்டும் என்று இருந்தது.

பன்றிக்குத் துக்கம் தெரியுமா? கருமாதி முடிவதற்குள் இரண்டு தடவை இறங்கிவிட்டது. தெற்கு மூலை முழுக்கப் போய்விட்டது. மீதியைப் பிடுங்க இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும், காய் முற்றவில்லை. நான் இன்னும் வேலைக்குத் திரும்பாத ஒரு சாயங்காலம் அண்ணி என் அறை வாசலில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கொல்லையில ஆளில்ல. கௌதம் போறேன்றான். அவன் சோறு தின்ன எடத்துலயே தூங்கறவன். நீ போறியா?"

"போறேன் அண்ணி."

"கம்பெனி பூட்ஸப் போட்டுக்கினு போ. கயித்துக் கட்டில தூக்கிக்கினு போ. கால கீழ தொங்கப் போடாத."

டார்ச், டின், கட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். நான் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, அலமாரி மேலிருந்து அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டேன். அவள் பார்த்தாள்.

மலை பக்கத்திலேயே கருப்பாக நின்றது. வரப்பில் அண்ணன் விரித்த சாக்கு இன்னும் கிடந்தது, மழையில் மட்கி, ஓரமெல்லாம் கறையான். அதைக் குச்சியால் தள்ளிவிட்டுக் கட்டிலைப் போட்டேன். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மலைப்பக்கப் புதரில் உறுமல் கேட்டது. டின்னைத் தட்டினேன். நின்றது. தட்டுவதை நிறுத்தினேன். மறுபடி உறுமல். கத்தினேன். நின்றது. எவ்வளவு நேரம் கத்துவது? தொண்டை காய்ந்தது.

பொட்டலத்தைப் பிரித்தேன். டார்ச்சைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் சொன்ன மாதிரியே. பேசுகிறதைப் பேசி, படத்தைச் சொல்லி. ஒரு பக்கம், இரண்டு பக்கம். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். புதரில் சத்தமே இல்லை. மனுஷக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் பன்றி வராது. அவ்வளவுதான் விஷயம்.

இவ்வளவுதானா வேலை? தூங்காமல் இருக்க வேண்டும், புத்தகம் படிக்க வேண்டும். இந்த ஊரிலேயே இந்த வேலைக்கென்று பிறந்தவன் ஒருத்தன் இருந்தான் என்றால் அது நான்தான். பன்றி என் புத்தகத்தைத் தின்னுமாம். முட்டாள். பிடிவாதக்காரன். ஒரே ஒரு ராத்திரி என்னை அனுப்பிப் பார்த்திருந்தால், நீ இப்போது வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாய். இப்படித்தான் அவனைத் திட்டினேன், வாய்விட்டே திட்டினேன். அதற்கும் பன்றி வரவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

துப்பாக்கியை எடுத்த கைதி அதை ஷெரீஃப் பக்கம் திருப்பவில்லை. ஓநாய்கள் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டான். பக்கம் பக்கமாக அந்த ராத்திரி போகிறது. சங்கிலி இழுத்துத் தூங்குகிறவன் விழித்துவிடக் கூடாது என்று கையைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்த தாளைத் திருப்பினேன். பக்கம் முழுக்க ஒரே படம். பாலைவனத்தில் விடிகிறது. ஷெரீஃப் மணலில் ஒருக்களித்துத் தூங்குகிறான். கைதி சிவந்த கண்ணோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். துப்பாக்கி ஷெரீஃப் கைக்குப் பக்கத்தில் திரும்ப வைக்கப்பட்டிருக்கிறது. படத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். என் குரல் நின்றுபோனது எனக்குத் தெரியவில்லை. புதரில் சருகு நொறுங்கியது. மூக்கால் மண்ணைக் கிளறுகிற சத்தம், ரொம்பக் கிட்டத்தில். ஏதாவது சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை.

"நீ தூங்குண்ணா," என்றேன். மலை வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். "நான் முழிச்சிட்டுதான் இருக்கேன்."

சருகுச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்து, அடுத்த பக்கத்தைத் திருப்பிப் படித்தேன்.